கேம்பர் வேனில் ஃபியூஸ் போனால் என்ன செய்வது? ‘பெரிய ஃபியூஸ்’ ஏன் பெரிய ஆபத்து?

அம்பத்தூரில் வேலையை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவு வண்டியைக் கிளப்பினால், பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து, விடிவதற்குள் ஏலகிரி அடிவாரத்தில் இருக்கலாம். ஆவடிக்காரர்களுக்குப் பூண்டி ஏரி இன்னும் பக்கம். டெம்போ டிராவலர், ஆம்னி, ஈகோ என்று கைக்குக் கிடைத்த வண்டியில் படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், சோலார் பேனல் எல்லாம் பொருத்தி, வண்டியையே வீடாக்கிக்கொண்டு கிளம்பும் ஆசை இன்றைக்குப் பலருக்கும் இருக்கிறது. 2021-ல் கேரள அரசு ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்த பிறகு, நம் ஊர் பக்கமும் அந்த ஆசை கூடியிருக்கிறது.

அந்த ஆசைக்கு நடு வழியில் வரும் முதல் சோதனை பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். உள்ளே விளக்கு அணையும். ஃபிரிட்ஜ் நிற்கும். குழாயைத் திறந்தால் பம்ப் சத்தமே இருக்காது. ‘ஃபியூஸ் போயிடுச்சு’ என்று யாராவது சொல்வார்கள். பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

“அண்ணா, இன்னிக்கு நைட்டே கிளம்பணும், எப்படியாவது ஓட்டி விடுங்க” என்று ரோட்டோரக் கடையில் கேட்டால், “முப்பது போட்டு விடறேன் தம்பி, இனிமே போகவே போகாது” என்று பதில் வருவது புதிதல்ல. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த ‘போகவே போகாது’ என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. ஃபியூஸ் போகாவிட்டால், அதற்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று போகும். அது வயராக இருக்கலாம். வயரை ஒட்டியிருக்கும் பிளைவுட்டாக இருக்கலாம். வண்டியாகவே இருக்கலாம்.

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது?

பலரும் நினைப்பது, ஃபியூஸ் இருப்பது ஃபிரிட்ஜையும் டிவியையும் காப்பாற்றத்தான் என்று. உண்மையில் அதன் முதல் வேலை வயரைக் காப்பாற்றுவது.

ஒவ்வொரு வயரும் இவ்வளவு கரண்ட்தான் தாங்கும் என்று ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் போனால் வயர் சூடாகும். மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை இளகும். இரண்டு வயர்கள் ஒட்டிக்கொள்ளும், அல்லது வயர் வண்டியின் இரும்பு பாடியைத் தொடும். அங்கே பொறி பறக்கும். அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே, தான் உருகி கரண்டைத் துண்டிப்பதுதான் ஃபியூஸின் வேலை. சுற்றில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ‘பலவீனமான கண்ணி’ அது. அதைப் பலப்படுத்தினால் அடுத்த பலவீனமான கண்ணி வயர்தான்.

‘12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது’ என்ற நினைப்பும் இங்கே ஏமாற்றும். 12 வோல்ட் பொதுவாக ஆளை அடிக்காதுதான். ஆனால் தீ பிடிப்பதற்கு வோல்ட் முக்கியமில்லை, ஆம்பியர்தான் முக்கியம். வீட்டில் 230 வோல்ட்டில் 1,000 வாட் கெட்டில் எடுப்பது நான்கரை ஆம்பியருக்கும் கீழே. அதே கெட்டிலை வேனில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், பேட்டரி கேபிளில் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். வேனில் வீட்டைவிட வயர் தடிமனாக இருக்க வேண்டியதும், ஃபியூஸ் சரியாக இருக்க வேண்டியதும் இதனால்தான்.

கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என்ன?

கணக்கு எளிது. வயரில் உண்டாகும் சூடு, கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ் போடுகிறீர்கள் என்றால், அந்த வயரில் நான்கு மடங்கு சூடு ஏறும்வரை யாரும் தடுக்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஃபியூஸில் எழுதியிருக்கும் எண்ணைத் தொட்டவுடன் அது உருகிவிடாது. வண்டிகளில் இருக்கும் பிளேடு ஃபியூஸ்களின் தர அளவுகளைப் பார்த்தால், எழுதியிருக்கும் அளவைவிட 10 சதவீதம் அதிகமாகப் போனாலும் அது மணிக்கணக்கில் தாங்கும். 35 சதவீதம் அதிகமாகப் போனால் உருகுவதற்கு 10 நிமிடம் வரை ஆகலாம். இரண்டு மடங்கு போனால்தான் 5 நொடிக்குள் உருகும். ஆக, சரியான ஃபியூஸே வயருக்குக் கொஞ்சம் சிரமம் கொடுத்த பிறகுதான் போகிறது. அதையும் பெரிதாக்கினால், 30 ஆம்பியர் ஃபியூஸ் 40 ஆம்பியரைக் கிட்டத்தட்ட 10 நிமிடம்கூட விட்டுவிடலாம். 15 ஆம்பியருக்குப் போட்ட வயர் அதற்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் ஒரு பழைய பழக்கம் உண்டு. பீங்கான் ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் வயர் போனால், கிடைத்த வயரைச் சீவி செம்புக் கம்பி இரண்டு மூன்று இழையை முறுக்கிக் கட்டிவிடுவார்கள். ‘அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்’ என்ற தைரியம். அதே கை வேனிலும் நீளுகிறது. பிளேடு ஃபியூஸ் இருந்த இடத்தில் கம்பி, சிகரெட் அட்டைக்குள் இருக்கும் அலுமினியத் தாள், குண்டூசி. இவை எதற்கும் ‘இத்தனை ஆம்பியர்’ என்ற அளவே கிடையாது. அங்கே ஃபியூஸே இல்லை என்றுதான் பொருள்.

ஒரு பேருந்து சொன்ன பாடம்

2025 அக்டோபர் 14 அன்று, ராஜஸ்தானின் ஜெய்சால்மரிலிருந்து ஜோத்பூருக்குக் கிளம்பிய தனியார் ஏ.சி. ஸ்லீப்பர் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏ.சி. இணைப்பில் ஏற்பட்ட மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று முதற்கட்டமாகச் சொல்லப்பட்டது. அந்தப் பேருந்தில் செய்யப்பட்ட மாற்றங்கள் பற்றியும் கேள்வி எழுந்தது.

அது பேருந்து, இது வேன். ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான விஷயங்கள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த பிறகு சேர்க்கப்படும் மின் இணைப்புகள். உள்ளே தூங்குபவர்கள். சுற்றிலும் ஃபோம், திரை, மரப் பலகை, பசை என எளிதில் எரியும் பொருட்கள். வெளியே வர ஒன்றிரண்டு வழிகள் மட்டும். வீட்டில் வயர் புகைந்தால் அடுத்த அறைக்கு ஓடலாம். வேனில் அடுத்த அறை கிடையாது. அதனால் ஒரு சின்ன ஃபியூஸை மாற்றும் விஷயம் இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிறது.

எந்த ஃபியூஸ் எங்கே இருக்கிறது?

கேம்பர் வேனில் இரண்டு மின் உலகங்கள் இருக்கின்றன. முதலாவது, வண்டியோடு வந்தது. ஹெட்லைட், ஹாரன், வைப்பர், ஸ்டார்ட்டர் எல்லாம் இதில் வரும். இதற்கான ஃபியூஸ் பாக்ஸ் டேஷ்போர்டுக்குக் கீழேயோ இன்ஜின் அறையிலோ இருக்கும். மூடியின் உட்புறம் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் போட்டிருப்பார்கள்.

இரண்டாவது, ‘வீடு’ பக்கம். தனி பேட்டரி, அதிலிருந்து உள் விளக்கு, ஃபேன், பம்ப், ஃபிரிட்ஜ், சார்ஜிங் பாயின்ட். இதற்கான ஃபியூஸ் பாக்ஸ் எங்கே இருக்கும் என்பது வேனைக் கட்டியவருக்குத்தான் தெரியும். சீட்டுக்கு அடியில் இருக்கலாம், அலமாரிக்குப் பின்னால் இருக்கலாம். புதிதாக வேன் கட்டுபவர்கள் ஒன்று செய்யலாம்: ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் ‘பம்ப் – 10’, ‘விளக்கு – 5’ என்று மார்க்கரால் எழுதி ஒரு போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், மழையில் அந்த போட்டோவின் அருமை தெரியும்.

இவை தவிர, பேட்டரிக்கு மிக அருகில் ஒரு மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டும். பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது நல்லது. ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கேபிளைக் காப்பாற்ற யாருமில்லை என்பதால், அந்தத் தூரம் குறையக் குறைய நல்லது. அதேபோல இன்வெர்ட்டர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், ஓடும்போது வண்டி பேட்டரியிலிருந்து வீட்டு பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி ஆகியவற்றின் வயர்களிலும் தனித்தனி ஃபியூஸ் இருக்கும். ‘எல்லா ஃபியூஸும் நல்லாத்தானே இருக்கு, ஏன் வேலை செய்யல?’ என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுவது இவற்றைத்தான்.

நிறத்தைப் பார்த்தே எண்ணைச் சொல்லலாம்

பிளேடு ஃபியூஸ்களுக்கு உலகம் முழுக்கப் பொதுவான நிறக் கணக்கு உண்டு.

• 5 ஆம்பியர் – வெளிர் பழுப்பு
• 7.5 ஆம்பியர் – பழுப்பு
• 10 ஆம்பியர் – சிவப்பு
• 15 ஆம்பியர் – நீலம்
• 20 ஆம்பியர் – மஞ்சள்
• 25 ஆம்பியர் – நிறமில்லாதது அல்லது வெள்ளை
• 30 ஆம்பியர் – பச்சை

நிறம் ஒன்றாக இருந்தாலும் அளவு மாறும். மினி, சாதாரணம், மேக்ஸி என்று பல சைஸ் உண்டு. மினி ஃபியூஸைப் பெரிய ஹோல்டரில் திணித்தால் கால்கள் சரியாகப் பிடிக்காது. தளர்ந்த பிடி என்றால் அங்கே சூடு. ஆக, சைஸ், எண் இரண்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். நிறம் அடையாளத்துக்கு மட்டும்தான், முடிவு சொல்வது மேலே அச்சடித்திருக்கும் எண். பழைய வண்டிகளில் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இருந்தால், அதன் உலோக மூடியில் எண் பொறித்திருப்பார்கள்.

ஆனால் ஏற்கெனவே யாராவது தவறான ஃபியூஸைப் போட்டு வைத்திருந்தால்? பழையதைப் பார்த்து அப்படியே போட்டால் தப்பும் அப்படியே தொடரும். அதனால் மூடியில் இருக்கும் படத்தையும் வயரின் தடிமனையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பொதுவாக, 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 15 ஆம்பியர், 2.5-க்கு 20, 4-க்கு 30 ஆம்பியரைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. வயர் ரொம்ப நீளமாகவோ, பல வயர்கள் கட்டாகச் சேர்ந்து காற்றோட்டமில்லாத குழாயில் போனாலோ, இதைவிடக் குறைவாகவே வைக்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

நெடுஞ்சாலையில் என்றால் முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள். முடிந்தால் பெட்ரோல் பங்க் அல்லது ஹோட்டல் வளாகத்துக்குள் கொண்டுபோங்கள். ஹசார்டு விளக்கு, ஹேண்ட்பிரேக், பின்னால் எச்சரிக்கை முக்கோணம். இருட்டில் லாரிகள் பறக்கும் சாலையோரத்தில் குனிந்து நிற்பது ஃபியூஸைவிடப் பெரிய ஆபத்து.

கருகிய வாசனையோ புகையோ இருந்தால், ஃபியூஸைத் தேட வேண்டாம். முதலில் எல்லோரும் இறங்க வேண்டும். வெளியிலிருந்தோ கைக்கு எட்டும் தூரத்திலோ பேட்டரி சுவிட்ச் இருந்தால் அணைக்கலாம். உள்ளே போய்த் தேட வேண்டாம். தீயணைப்புத் துறைக்கு 101, அவசர உதவிக்கு 112.

வாசனை, புகை எதுவும் இல்லையென்றால் வரிசை இப்படி:

1. விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், பம்ப் எல்லாவற்றையும் அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணையுங்கள்.

2. வெளியிலிருந்து 230 வோல்ட் லைன் கொடுத்திருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள்.

3. சோலார் இருந்தால் முதலில் பேனலை, பிறகு பேட்டரியைத் துண்டியுங்கள். வெயில் இருக்கும்வரை பேனல் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரியை முதலில் பிடுங்கினால், போக்கிடம் இல்லாமல் சார்ஜ் கன்ட்ரோலர் பாதிக்கப்படலாம்.

4. வண்டியின் சாவியை எடுங்கள். வீட்டு பேட்டரியின் மெயின் சுவிட்சை அணையுங்கள். பேட்டரி முனையிலேயே கை வைக்க வேண்டியிருந்தால், முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். திரும்பப் பொருத்தும்போது நெகட்டிவ் கடைசி.

5. கையில் மோதிரம், காப்பு, உலோக வாட்ச் இருந்தால் கழற்றுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவில் மோதிரம் மாட்டினால், அது சில நொடிகளில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

6. மல்டிமீட்டர் இருந்தால், ஃபியூஸ் பாக்ஸில் மின்சாரம் இல்லையா என்று ஒருமுறை பாருங்கள். வண்டி பேட்டரியும் வீட்டு பேட்டரியும் இணைந்திருப்பதால், ஒன்றை அணைத்தாலும் இன்னொன்றிலிருந்து மின்சாரம் வரலாம்.

மாற்றும் முறை

ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குள்ளேயே பெரும்பாலும் சின்ன பிளாஸ்டிக் இடுக்கி ஒன்று இருக்கும். அதால் ஃபியூஸின் தலையைப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பக் கூடாது.

எடுத்த ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் ‘எஸ்’ போன்ற கம்பி அறுந்திருந்தால் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் உண்டு. அதற்கு மல்டிமீட்டரை ‘பீப்’ ஒலிக்கும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, ஃபியூஸின் இரண்டு கால்களிலும் தொடுங்கள். பீப் வந்தால் நல்லது. வராவிட்டால் போய்விட்டது.

ஃபியூஸைப் பிடுங்காமலும் பார்க்கலாம். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பாடியில் அல்லது நெகட்டிவில் தொட்டு, சிவப்பு முனையால் இரண்டு புள்ளிகளையும் தனித்தனியாகத் தொடுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் காட்டினால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலும் இல்லையென்றால் பிரச்சினை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்துப் பேட்டரியின் இரண்டு முனைகளில் தொடவே கூடாது. அது நேரடி ஷார்ட்.

உருகிய ஃபியூஸ் என்ன சொல்கிறது?

பழைய ஃபியூஸைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் ஒரு சேதி இருக்கிறது.

கம்பி நடுவில் மெதுவாக இளகி அறுந்ததுபோல இருந்தால், அளவுக்கு மீறிய சுமை. ஒரே பாயின்ட்டில் இரண்டு மூன்று கருவிகளை மாட்டியிருக்கலாம். தண்ணீர் பம்ப் குப்பை மாட்டி சுற்ற முடியாமல் நின்றாலும் இதே நிலைதான். சுற்ற முடியாத மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

உள்ளே கறுத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் வெள்ளித் துளிகள் தெறித்திருந்தால், அது ஷார்ட் சர்க்யூட். வயர் எங்கேயோ பாடியைத் தொட்டிருக்கிறது. இதில் புது ஃபியூஸ் போடுவதற்கு முன் வயரைத் தேடியே ஆக வேண்டும்.

கம்பி அறுந்திருக்காது, ஆனால் ஒரு பக்கக் காலும் அங்கிருக்கும் பிளாஸ்டிக்கும் கருகி இளகியிருக்கும். இது மூன்றாவது வகை. இங்கே தப்பு ஃபியூஸில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் ஹோல்டரில். பிடி தளர்ந்தோ துரு பிடித்தோ இருக்கிறது. ஹோல்டரை மாற்றாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் அதே கதை. இந்த வகையை ஃபியூஸால் தடுக்க முடியாது என்பதால், இதுதான் கவனிக்கப்படாமல் தீ வைக்கும் வகை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி

அந்த ஃபியூஸில் வரும் கருவிகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அதே எண் கொண்ட புது ஃபியூஸைப் போட்டு மின்சாரம் கொடுங்கள். எதுவும் மாட்டாமலே உடனே போனால், கோளாறு வயரில். போகவில்லையென்றால் கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள். எதை மாட்டும்போது போகிறதோ அதுதான் குற்றவாளி.

ஒரே ஒரு முறைதான் முயற்சி. இரண்டாவது ஃபியூஸும் போனால், மூன்றாவதைக் கையில் எடுக்க வேண்டாம். அந்தச் சுற்றை அப்படியே விட்டுவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் இரவைக் கழித்து, காலையில் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

நம் பகுதியில் அடிக்கடி பிடிபடும் காரணங்கள் சில. முதலிடம் எலிக்குத்தான். வாரக் கணக்கில் ஓடாமல் வீட்டு வாசலிலோ காலி மனை ஓரத்திலோ நிற்கும் வண்டியில் எலி புகுந்து வயர் உறையைக் கடிப்பது சென்னைப் புறநகரில் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. அடுத்து, இரும்புத் தகட்டில் துளை போட்டு ரப்பர் வளையம் வைக்காமல் இழுத்த வயர். வண்டி குலுங்கக் குலுங்கத் தகட்டின் விளிம்பு உறையை அறுக்கும். மூன்றாவது, அலமாரி பொருத்தும்போது வயரைத் துளைத்த ஸ்க்ரூ. நான்காவது, சார்ஜிங் பாயின்ட்டுக்குள் விழுந்த காசு. இவை தவிர கத்திரி வெயிலும் உண்டு. வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் சூடு ஏறும்போது, ஃபியூஸ் தன் அளவைவிடக் குறைந்த கரண்டிலேயே உருகக்கூடும். அதனால்தான் நீண்ட நேரம் ஓடும் சுமை, ஃபியூஸ் எண்ணின் முக்கால் பங்குக்குள் இருப்பது நல்லது என்பார்கள். 60 வாட் ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் எடுப்பது 5 ஆம்பியர். அதற்கு 5 போடாமல் 7.5 அல்லது 10 போடுவது, வயர் அதைத் தாங்கும் என்றால், சரி.

மழை வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால்?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை இந்தப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் நின்ற வேனை, வடிந்தவுடன் ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று சாவி போடுவது பெரிய தவறு. கனெக்டர்களுக்குள் இருக்கும் சேற்று நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஃபியூஸ்கள் வரிசையாகப் போகும். போகாத இடங்களில் பச்சைப் பாசி போலத் துரு பிடித்து, சில மாதம் கழித்துத் தொல்லை கொடுக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியைத் துண்டித்து, இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிப்பதுதான் வழி. அங்கே ஃபியூஸ் மாற்றுவது தீர்வு இல்லை.

நீங்களே தொடக்கூடாதவை

12 வோல்ட் பிளேடு ஃபியூஸ் வரை நீங்களே மாற்றலாம். அதற்கு மேல் சில எல்லைகள் உண்டு.

இன்வெர்ட்டரிலிருந்து வரும் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்குச் சமம், உயிரைப் பறிக்கும். அந்தப் பக்கம் எம்.சி.பி. திரும்பத் திரும்ப விழுந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். வண்டிக்குப் போடும் பிளேடு ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட் வரைக்குமானது. அதை 230 வோல்ட் பக்கமோ 48 வோல்ட் பேட்டரியிலோ போடக் கூடாது. உருகினாலும் நடுவில் தீப்பொறி பாலம் போல நின்று, கரண்ட் துண்டிக்காமல் போகலாம்.

லித்தியம் பேட்டரியின் மெயின் ஃபியூஸும் அப்படித்தான். ஷார்ட் ஆனால் இந்த பேட்டரிகள் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். அதைத் துண்டிக்கக்கூடிய பிரத்யேக ஃபியூஸ்தான் அங்கே இருக்க வேண்டும். அது போயிருந்தால், சாதாரணக் கோளாறு இல்லை. ஏர்பேக் என்று எழுதிய ஃபியூஸையும், மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிற கேபிள்களையும் தொடவே வேண்டாம்.

இந்தப் பகுதியில் ஆள் கிடைக்காமல் போக வாய்ப்பு குறைவு. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் தயாரிக்கும் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட்டு, பாடியில் வேரூன்றியது. பஸ் ஸ்டாப்புக்கே ‘லூகாஸ்’ என்று பெயர் வரும் அளவுக்கு வண்டி மின்சாதனம் இந்தப் பகுதியின் வாழ்க்கையோடு கலந்தது. அம்பத்தூர், பாடி, பூந்தமல்லி சாலைகளில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது ‘பெரிய ஃபியூஸ் போடுங்க’ என்று அல்ல, ‘ஏன் போச்சுன்னு பாருங்க’ என்று.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் அடிப்படை வடிவத்தை, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஃபியூஸ் மாற்றுவது இதில் வராது. ஆனால் சாதாரண வேனைக் கேம்பர் வேனாக்குவது வரும். பூந்தமல்லியோ அம்பத்தூரோ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்கி, முடிந்ததும் மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் பதிந்துகொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தீப்பிடித்த பிறகு, சொல்லாமல் செய்த வயரிங் பற்றி அவர்கள் முதலில் கேட்பார்கள்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை

• வண்டியில் உள்ள ஒவ்வொரு எண்ணிலும் சைஸிலும் இரண்டு மூன்று ஃபியூஸ்கள். பெயர் தெரிந்த நிறுவனத் தயாரிப்பாக இருக்கட்டும். மலிவான போலிகள் உரிய அளவில் உருகாமல் போகலாம்.
• பிளாஸ்டிக் ஃபியூஸ் இடுக்கி, சின்ன மல்டிமீட்டர், தலையில் மாட்டும் டார்ச்.
• கதவுக்குப் பக்கத்தில், படுக்கையிலிருந்து எட்டும் இடத்தில் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான். பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தால், தேவைப்படும்போது எடுக்க முடியாது.
• எந்த ஃபியூஸ் எதற்கு என்ற போட்டோ.

இவ்வளவையும் ஒரு டிபன் பாக்ஸுக்குள் அடக்கலாம், தீயணைப்பானைத் தவிர. ஃபியூஸ் ஒன்றின் விலை ஒரு டீயை விடப் பெரிதாக இருக்காது. அது போவது வண்டியின் குறையில்லை, வண்டி தன் வேலையைச் சரியாகச் செய்ததன் அடையாளம். நடு ராத்திரியில் அது போனால், ‘இனிமே போகாத மாதிரி’ போடத் தேட வேண்டாம். ‘அடுத்த முறையும் சரியான நேரத்தில் போகிற மாதிரி’ போட வேண்டும்.